நாலு விரற்கடை

லாத்திர் சேனின் முதுகு முப்பத்தொரு வருஷமாகத் தரையைத் தொட்டதில்லை. காரணம் ஒரு வேர்க்கடலைத் தோல். அது என் தொண்டையில் சிக்கிய நேரத்தில் நடுவர் விசிலும் என் வாயில்தான் இருந்தது.

சங்காயே ஊருக்கு நான் தபாலாபீஸ் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்தவன். பெயர் ஃபமாரா தியாத்தா, தெற்கே காசமான்ஸ் பக்கத்து ஜோலா இனம், அரிசியும் பனையெண்ணெயும் எங்கள் சாப்பாடு. ஊர் முழுக்க கம்பு தின்கிற செரேர் இனம். செரேருக்கும் ஜோலாவுக்கும் கேலிமுறை. ஆதியில் அக்காள் தங்கை இரண்டு பேர் ஏறிவந்த படகு நடுவில் பிளந்து, ஒருத்தி வடக்கே ஒதுங்கி அவர்களைப் பெற்றாள், மற்றவள் தெற்கே ஒதுங்கி எங்களைப் பெற்றாள் என்பது கணக்கு. அதனால் எந்த செரேரும் என்னைத் திருடன் என்று நடுத்தெருவில் கூப்பிடலாம், என் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்துத் தின்னலாம், என் அப்பா இறந்த வீட்டுக்கு வந்து பந்தி எப்போது என்று விசாரிக்கலாம். நான் கோபப்படக் கூடாது. நான் பதிலுக்கு என்ன சொன்னாலும் அவனும் கோபப்படக் கூடாது. வயசு, உத்தியோகம் எதுவும் இதில் குறுக்கே வராது. சங்காயேயில் அதற்கு முன்பிருந்த மூன்று மல்யுத்த நடுவர்களும் தீர்ப்புச் சொன்ன கையோடு ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்ததால், கமிட்டி உட்கார்ந்து யோசித்தது. யார்மேல் இந்த ஊரில் ஒருத்தருக்கும் கோபம் வரக்கூடாதோ அவனையே நடுவராகப் போட்டுவிட்டால் என்ன? எனக்கு மல்யுத்தம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில், கடலை அறுவடை முடிந்து மூட்டையெல்லாம் ஏறிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அது. கடைசிப் போட்டி. ஒரு பக்கம் லாத்திர் சேன், இருபத்திரண்டு வயது, மூன்று பருவமாக முதுகில் மணல் படாதவன். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையில் மாவட்டத்திலேயே நல்ல மார்க்கு வாங்கிவிட்டு, மேலே படிக்க மாட்டேன், கோதாதான் எனக்கு எல்லாம் என்று வீட்டில் சொல்லியிருந்தான். எதிரே பிராம் தியாவ், உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவன், பேச்சு குறைவு, கழுத்து கிடையாது. ஜெயிக்கிறவனுக்கு ஒரு காளை. காளையைவிடப் பெரிது, தலைநகரான தக்கார் பட்டணத்துக் கோதாவில் மாவட்டத்தின் பேரில் இறங்கும் உரிமை. என் சட்டைப்பையில் வறுத்த கடலை. போட்டி நடக்கும்போது நடுவர் கடலை தின்னக் கூடாது என்று அப்போது எந்த விதியிலும் இல்லை. இப்போது இருக்கிறது, என் பெயரோடு.

பிராம் லாத்திரின் இடுப்புத்துணியைப் பிடித்தான், ஒரு சுற்று சுற்றினான், தூக்கினான். லாத்திர் காற்றில் மல்லாக்க வந்தான். எனக்கு இருமல் வந்தது. விசில் ஊதியது. மேளங்கள் நின்றன. லாத்திரும் நின்றான், மணலுக்கு நாலு விரற்கடை மேலே, மல்லாந்தபடி, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு. யாராவது மூன்று எண்ணியிருந்தால் எண்ணி முடித்திருப்பார்கள், அவ்வளவு நேரம் கிடந்தான். பிறகு கையை ஊன்றி எழுந்து, பழக்கதோஷத்தில் முதுகைத் தட்டிக்கொண்டான். ஒரு பொட்டு மணல் உதிரவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மன்னிக்கணும், கடலை, இரண்டே வார்த்தை. ஆனால் நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது, அரசாங்க உத்தியோகம், நடுவர் பனியன் புதுசு. வாயைத் துடைத்துக்கொண்டு போய் பிராமின் கையைத் தூக்கிவிட்டேன்.

"தொட்டுச்சு. நான் பாத்தேன்" என்றேன்.

வேறு எவன் அதைச் சொல்லியிருந்தாலும் அன்றைக்குக் கோதா தீப்பிடித்திருக்கும். சொன்னது ஜோலா. கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தது. "அரிசி தின்னிக்குக் கண்ணு வயித்துலதான்யா இருக்கு!" என்று ஒருத்தன். "பனையெண்ணெய்ல மொகம் கழுவிட்டு வந்திருக்கான், பாவம், வழுக்குது!" என்று இன்னொருத்தன். லாத்திரின் தாய்மாமன் நேராக என்னிடம் வந்து, என் தொப்பியைப் பிடுங்கி, அது நிறைய மணலை அள்ளிப்போட்டு, "இந்தாடா, எம் மருமவன் முதுகுல இருந்த மணலு. ஒண்ணொண்ணா எண்ணி வை" என்று கொடுத்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை. ஜோலாமேல் வருகிற புகாரைப் புகாராக எடுத்துக்கொண்டால் அது கமிட்டிக்குத்தான் கேவலம். லாத்திரும் சிரித்தான். முறை அப்படி. அவன் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற விஷயங்களில் அந்த இருமல் இரண்டாம் இடம்தான். முதலிடம் அந்த நிம்மதிக்கு.

மறுநாள் மதியம் வேப்பமரத்தடியில் பாய் விரித்து அவன் மல்லாந்தபோது, ஒரு கோழிக்குஞ்சு அவன் முதுகுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்ததை அவன் அம்மா பார்த்தாள். நூல் விட்டுப் பார்த்தார்கள், விரலை வைத்து அளந்தார்கள். நாலு விரற்கடை. ஒருக்களித்தால், குப்புறப் படுத்தால் எல்லாரையும் போலத்தான். மல்லாந்தால் மட்டும் இறங்க மாட்டேன் என்றது முதுகு. மழைக்காலத்தில் அரை விரல் கூடியது, மரக்கதவு ஊதிக்கொள்கிற மாதிரி. கோதாவுக்கு முன்னால் அவனுக்குத் தாயத்து கட்டிய ஆள், இது என் வேலைதான் என்று சொல்லி அந்தப் பருவம் முழுக்க வீட்டு வாசலில் கூட்டம் சேர்த்தார். அவரிடம் கட்டிக்கொண்ட மற்றவர்களெல்லாம் வரிசையாக விழத் தொடங்கியதும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். நாளைக்கு அடக்கம் செய்யும்போது என்ன ஆகும் என்று அம்மா பயந்து இமாமைக் கேட்டாள். குழியில் வலப்பக்கம் சாய்த்துத்தானே வைக்கிறோம், முதுகுக்கு அங்கே என்ன வேலை என்றார் அவர். அதோடு மார்க்கம் இந்த விஷயத்திலிருந்து விலகிக்கொண்டது.

கமிட்டி விலகவில்லை. விழ முடியாதவனோடு மற்றவன் எதற்காகப் பொருத வேண்டும்? இரண்டு கூட்டம் போட்டு, மூன்று வரியில் கடிதம் எழுதினார்கள்: தோற்பதற்கான உடல்வசதி இல்லாதவர் போட்டியில் கலந்துகொள்ள இயலாது. அந்தக் கடிதத்துக்கு முத்திரை குத்தியவனும் நான்தான். சரியாக விழுந்ததா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் குத்தினேன். லாத்திர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கடிதத்துக்கு ரெண்டு முத்திரையா மச்சான்? ஜோலாவுக்கு எதையும் ஒரு தடவையில நிறுத்தத் தெரியாதே" என்றான். கவுன்ட்டரில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கடிதத்தை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

பிறகு அவன் தக்காருக்கு மருத்துவம் படிக்கப் போனான். எலும்புப் பாடத்தில் மாணவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து முதுகெலும்பு விளக்கும்போது, பேராசிரியர் இவன் அடியில் ஒரு தாளை விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, இது பரீட்சைக்கு வராது என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தார். பத்து வருஷம். அதற்குள் பிராம் தியாவ் தக்காருக்குப் போய் இரண்டு பருவம் ஆடி, மூன்றாவது பருவம் திரும்பி உப்பளத்துக்கே வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் கைகள் லேசாக முன்னால் நீண்டபடியே இருந்தன, எதையோ இறக்கி வைக்க மறந்தவன் கை மாதிரி. சாப்பிடும்போதும் தொழும்போதும் அப்படித்தான். அவன் மனைவி அதில் குழந்தைகளைத் தூங்கவைக்கப் பழகிக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பதில் லாத்திர் விளையாட்டு மருத்துவராகத் திரும்பி வந்தார். ஊர் அவரை 'அவர்' என்றது, நானும் எழுத்தில் அப்படியே. பட்டணத்தில் கால்பந்துக் குழு ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் கோதாவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறை எடுத்து, மல்லர்களுக்கு மட்டும் வைத்தியம் என்று உட்கார்ந்துவிட்டார். மூட்டு நழுவியவர்கள், காது முறுக்கிக்கொண்டவர்கள், தலையில் அடிபட்டு இரண்டு நாளாக அம்மா பெயர் மறந்தவர்கள், மந்திரித்த பால் ஊற்றிக் குளித்துச் சொறி பிடித்தவர்கள், தாயத்துத் தோல்வார் இறுக்கிக் கை வீங்கியவர்கள். தாயத்தை அவர் கேலி செய்ததே இல்லை. அனுமதி கேட்டு அவிழ்ப்பார், காயத்தைக் கழுவுவார், ஒரு விரல் தளர்த்தி அவரே திரும்பக் கட்டிவிடுவார். அவர் சோதிக்கும் முறை வேறு எந்த டாக்டரிடமும் கிடையாது. கொல்லையில் ஒரு மணல்குவியல். அதன் பக்கத்தில் குந்தி, காதை மணலில் வைத்துக்கொண்டு, "கீழ விழுங்க" என்பார். பயில்வான் விழுவான். சத்தத்தைக் கேட்டு, இடது முட்டி என்பார், மூன்றாவது விலா என்பார். தப்பியதில்லை. பிராமின் தோளையும் அவர்தான் பார்த்தார், நீட்டிய கைகளைத் தடவிக்கொடுத்து, இதற்கு மருந்து என்னிடம் இல்லை என்று அனுப்பினார். இரண்டு பேரும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை நான் சைக்கிளில் போகும்போது பார்த்தேன். மணி அடிக்காமல் போனேன்.

அந்த அறைக்கும், போட்டி நாளில் அவர் போடும் மருத்துவக் கூடாரத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. பயில்வான்கள் வலியைப் பற்றிப் பொய் சொல்வார்கள், சிரித்து மழுப்புவார்கள். அதனால் வாசற்படி தாண்டினால் கேலி கிடையாது, முறை கிடையாது, எல்லாரும் 'நீங்க'தான். கூடப் பிறந்த தம்பிகூட உள்ளே 'நீங்க'. கேட்டதற்கு நேர்ப்பதில், எவ்வளவு கசந்தாலும். இனி நீங்கள் கோதாவில் இறங்கினால் வாய் கோணிவிடும் என்று ஒரு சாம்பியனிடம் அவர் சொல்லி, அந்த மலை மாதிரி ஆள் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுததை ஊர் பார்த்திருக்கிறது.

எனக்கு வேண்டியதும் அதுதான், ஒரு நேர்ப்பதில். இந்த மனுஷன் வாழ்க்கையை நான் கெடுத்தேனா இல்லையா, என்மேல் அவருக்கு என்ன இருக்கிறது? வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தேன். மீன்சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, "லாத்திர், அன்னிக்கு ஒன் முதுகு..." என்று ஆரம்பித்தால், "எம் முதுகு கெடக்கட்டும் மச்சான், ஒன் வயிறு எத்தன மாசம்?" என்பார். மூன்றாவது சுற்று டீயின்போது, "என்ன மன்னிச்சிரு" என்றால், "எதுக்கு? தபாலாபீஸ் ஸ்டாம்பெல்லாம் நக்கித் தின்னுட்டியா?" என்பார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சும்மா இருக்க மாட்டேன், கம்புக்கூழ் குடித்து வளர்ந்த மூளை வேறு எப்படி இருக்கும் என்பேன். சபை கலகலக்கும். நான் கொண்டுபோன வார்த்தையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கடலை தின்பதை விட்டுவிட்டேன். சங்காயேயில் கடலை தின்னாதவன் கடலோரத்தில் மீன் தின்னாதவன் மாதிரி. ஏன் என்று கேட்டார்கள், பல் என்றேன்.

அவர் மனைவி சிகாவிடமும் போய்ப் பார்த்தேன். மதியத் தூக்கத்தில் டாக்டர் மல்லாந்து மிதக்க, அவருக்கு அடியில் குளுமைக்குப் பூனை படுத்திருந்தது. வீட்டில் அது பழகிப்போன காட்சி. அந்தம்மா அவரை எழுப்பாமலே விரிப்பை உருவி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அவரு மனசுல என்னம்மா இருக்கு?"

"எங்கிட்ட கேட்டா? நானும் செரேரு, நீங்க ஜோலா. ஒங்க கேள்விக்கு நான் நேரா பதில் சொன்னா எங்க ஆத்தா எந்திரிச்சு வந்து அடிப்பா." பூனையை ஒரு கையால் நகர்த்தினாள். "அவரு நேரா பேசுறது அடிபட்டவங்ககிட்ட மட்டுந்தாண்ணே. ஒங்களுக்கு எங்க அடிபட்டிருக்கு?"

அடுத்த வாரமே நொண்டிக்கொண்டு போனேன். கோதாவில் தடுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். டாக்டர் வாசற்படி தாண்டவிடாமல் நிறுத்தி, வெளிப்பக்கமாகவே மணல்குவியலுக்கு அழைத்துப்போய், விழச் சொன்னார். என்னால் முடிந்த அளவு பரிதாபமாக விழுந்தேன். காதை எடுத்தார். "மச்சான், இவ்வளவு ஆரோக்கியமா ஒருத்தன் விழுந்து நான் கேட்டதே இல்ல. ஒனக்கு நோவு பசி. சிகாகிட்ட சொல்றேன், போய் சோறு தின்னு." வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு பயில்வான்களும், கட்டுப் போட்ட இடங்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் போய்ச் சோறு தின்றேன். சோறு நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இத்தனை வருஷமும் நடுவர் வேலை என்னிடமே இருந்தது. முப்பத்தொரு பருவம். என் தீர்ப்பால் ஒரு சண்டைகூட வந்ததில்லை என்று கமிட்டி பெருமையடித்துக்கொள்ளும். அறுபத்து மூன்று வயதில், போதும் என்று விலகியபோது, கடைசிப் போட்டிக்கு முன்னால் எனக்கு ஒரு தொப்பியும் மைக்கும் கொடுத்தார்கள். நாலாயிரம் பேர். ஓரத்தில் மருத்துவக் கூடாரத்து வாசலில், மடக்கு நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர். பின்னால் சாய்ந்திருந்தும், நாற்காலி முதுகுக்கும் அவர் முதுகுக்கும் நடுவே நாலு விரல் வெளிச்சம்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். "எண்பத்தெட்டுல லாத்திர் சேன் தோக்கல. அவரு முதுகு தொடல. எனக்குத் தொண்டையில கடலைத் தோலு சிக்குச்சு. இருமுனேன். விசில் அடிச்சிருச்சு. தொட்டுச்சுன்னு சொன்னது பொய்யி."

அரை மூச்சு நேரம் அமைதி. அந்த அரை மூச்சில் நான் முப்பத்தொரு வருஷத்தையும் இறக்கி வைத்துவிட்டதாகவே நினைத்தேன். பிறகு பெரிய மேளக்காரர் ஒரு உருட்டு உருட்டினார். கோதாவே வெடித்துச் சிரித்தது. "கடலையாம்ல!" "போகும்போதும் ஒரு பொய்யச் சொல்லிட்டுத்தாம்ல போறான் ஜோலா!" "இன்னும் கொஞ்சம் தின்னுட்டுப் போ அண்ணே!" என்று யாரோ கடலையை விட்டெறிந்தார்கள். அடுத்தவர் எறிந்தார். நாலு திசையிலிருந்தும் கடலை. சங்காயேயில் எவர் மடியிலும் கடலை இல்லாமல் இருக்காது. பாட்டுக்காரப் பெண்கள் அங்கேயே மெட்டுக் கட்டிவிட்டார்கள், ஜோலா தொண்டைக்குள்ளே கடலை விசில் ஊதுச்சாம் என்று. எனக்குக் கண் கலங்கியது. நான் நடிக்கிறேன் என்று அதற்கும் கைதட்டினார்கள். "நெசமா சொல்றேன், கேளுங்க" என்று ஓரடி பின்வாங்கினேன். காலடியில் கடலைகள் உருண்டன. மல்லாக்க விழுந்தேன். என் முதுகு தரையைத் தொட்டது, முழுசாக. புது நடுவர் சரியான நேரத்தில் விசில் ஊதினார். நல்ல பயிற்சி.

எழப் பார்த்தேன், இடது கை வரவில்லை. சிரிப்புக்கு நடுவே டாக்டர் மட்டும் ஓடிவந்தார். விழுந்த சத்தத்தை அவர் கேட்டிருந்தார்.

கூடாரத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்துப் படுதாவை இறக்கினார். வெளியே இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க வலிக்குது உங்களுக்கு?" என்றார்.

உங்களுக்கு. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. எனக்குத் தோள் வலி மறந்துபோனது.

"லாத்திர்..."

"டாக்டர்னு சொல்லுங்க. கையத் தூக்காதீங்க. காறையெலும்பு ஒடஞ்சிருக்கு. ஆறு வாரம் கட்டு. இந்த வயசுல விழுறப்ப கைய ஊனக் கூடாது." கத்தரிக்கோலை எடுத்து என் புதுச் சட்டையை வெட்டினார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"நோவப் பத்தியா?"

"நோவப் பத்திதான்."

தலையை ஆட்டினார்.

"மைக்குல நான் சொன்னது வெளையாட்டு இல்ல."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"அன்னிக்கே. உங்க மீசையில கடலைத் தோலு ஒட்டியிருந்துச்சு. கீழ படுத்துக் கெடந்து பாத்தா நல்லாத் தெரியும்."

மீசையை எடுத்து இருபது வருஷமாகிறது. ஆனாலும் வலது கை தானாக உதட்டுக்குப் போனது. அவர் அதைப் பிடித்து இறக்கி மடியில் வைத்தார்.

"அப்ப உங்க ஜெயிப்ப நாந்தான்..."

"இல்ல." பஞ்சைத் தோளில் அழுத்தினார். "பிராம் பிடிச்சது நல்ல பிடி. நான் விழுந்திருப்பேன். இன்னும் அரை மூச்சு நீங்க சும்மா இருந்திருந்தா விழுந்திருப்பேன். மணலத் தட்டிட்டு எந்திரிச்சிருப்பேன். ஒரு வாரம் அழுதிருப்பேன். அடுத்த வருஷம் வந்து அவனத் தூக்கிப் போட்டிருப்பேன், இல்ல திரும்ப விழுந்திருப்பேன். இருபது வருஷமா ஊருல ஒருத்தன் விடாம விழுறதக் கேட்டுட்டு இருக்கேன். எல்லாருக்கும் ஒரு சத்தம் இருக்கு. எனக்கு என்ன சத்தம்னு எனக்குத் தெரியாது."

வெளியே மேளம் மாறியது. கடைசிப் போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். அவர் துணியை என் மார்பில் குறுக்காகச் சுற்றி, அக்குளுக்கு அடியில் கொடுத்து, முதுகுப் பக்கம் இழுத்தார். வலித்தது. பச்சைக் குழந்தைக்குத் துணி கட்டுகிற மாதிரி மெதுவாகத்தான் கட்டினார், ஆனாலும் வலித்தது.

"டாக்டர், எம்மேல உங்களுக்குக் கோவமா?"

முடிச்சைப் போட்டார். இறுக்கம் சரியா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு முன்னால் வந்து, என் கண்ணுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார்.

"ஆமா" என்றார்.